சாணைக்கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மி.மீ.: அவசியமா, சடங்கா?

சாணைப்பிடி: "பெஞ்ச் கிரைண்டரில் ரெஸ்ட் 10 மி.மீ. தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியும் கையுறையும் போட்டால் போதும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. பெஞ்ச் கிரைண்டர் என்கிற மேசைச் சாணை இயந்திரத்தில், கல்லுக்கு முன்னால் வேலைத்துண்டைத் தாங்கும் தகடுதான் ரெஸ்ட். கல்லின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுற்றுகிறது. 8 மி.மீ. கம்பியை வைத்தால் அந்தச் சந்துக்குள் இழுத்துக்கொள்ளும். கம்பி ஆப்பு மாதிரி இறுகினால் கல் உடையும், பிடித்திருக்கும் விரலும் உள்ளே போகும். ரெஸ்ட் 3 மி.மீ.க்குள், கல்லை மூடும் கார்டின் மேல் விளிம்பில் இருக்கும் நாக்குத் தகடு 6 மி.மீ.க்குள். அவ்வளவுதான்.

இரும்புவாயன்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 3 மி.மீ. சந்தில் 2 மி.மீ. தகடு நுழையுமா, நுழையாதா? நுழையும். பிறகு 3-க்கு மட்டும் என்ன மந்திரம்?

சாணைப்பிடி: 3 என்பது தாண்டக்கூடாத எல்லை. கல்லில் உரசாமல் எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கலாம். 2 மி.மீ. தகட்டைக் கையில் பிடித்துச் சாணை பிடிப்பதே தப்பு. வைஸ் என்கிற பிடிகருவியில் கட்டி அரம் போடுங்கள்.

அளவுகோல்: 3 இல்லை, 3.2. எட்டில் ஒரு அங்குலம். நாக்குத் தகடும் 6.4. எழுதினால் சரியாக எழுதுங்கள்.

சாணைப்பிடி: 0.2-க்குச் சண்டை பிடிக்க ஆள் இருக்கிறது, தினமும் சந்தை அளக்கத்தான் ஆள் இல்லை. கல் தேயத் தேய சந்து அகலும். ஆரத்தில் 1 மி.மீ. தேய்ந்தால் சந்திலும் 1 மி.மீ. கூடும். ஷிஃப்ட் தொடங்கும்போதே பாருங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கல் தானாக நிற்கும்வரை பொறுங்கள். ரெஸ்ட் போல்ட்டைத் தளர்த்தி, நடுவில் 2 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து நெருக்கி இறுக்குங்கள். துண்டை எடுத்துவிட்டு, கல்லைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஓடுகிற கல்லில் ரெஸ்ட்டை நகர்த்தவே கூடாது.

இரும்புவாயன்: கல் வட்டமாக இல்லாவிட்டால்? ஒரு இடத்தில் 2, இன்னொரு இடத்தில் 4. எதை அளப்பது?

சாணைப்பிடி: முதலில் டிரெஸ்ஸர் (கல்லைச் சீவும் கருவி) போட்டு வட்டமாக்குங்கள், பிறகு அளங்கள். கோணலான கல் வேலையை உதைக்கும், பேரிங்கையும் கெடுக்கும்.

பட்டறைப்பூனை: கையுறையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். துணிக் கையுறையின் ஒரு நூல் கல்லில் மாட்டினால் போதும், கையையே இழுத்துவிடும். 200 மி.மீ. விட்டமுள்ள கல் 2850 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2850 சுற்று) ஓடினால் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் போகிறது. கையை உதற நேரம் இருக்காது.

இரும்புவாயன்: சூடேறிய வேலையை வெறும் கையால் பிடிக்கச் சொல்கிறீர்களா? டிரில் மெஷினின் சக் (பிட்டைக் கவ்வும் பகுதி) பற்றிய பழைய சண்டையிலும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள்.

பட்டறைப்பூனை: பக்கத்தில் தண்ணீர் டப்பா வையுங்கள், அடிக்கடி முக்குங்கள். சின்னத் துண்டுக்கு லாக்கிங் பிளையர். சுற்றுகிற சக்கிலும் கையுறை ஆகாது என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதேதான்.

சாணைப்பிடி: புதுக்கல் மாட்டுகிறவர்கள் தட்டிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். காய்ந்த கல்லின் துளையில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கல்லின் நடுவே செல்லும் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 டிகிரி தள்ளி, விளிம்பிலிருந்து 25 முதல் 50 மி.மீ. உள்ளே. கணீரென்றால் நல்ல கல், சொத்தென்றால் விரிசல். கல்லில் எழுதிய ஆர்பிஎம் மெஷினின் ஆர்பிஎம்முக்குக் குறையக் கூடாது. மாட்டியதும் கார்டு மூடியபடி ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும், நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள்.

அளவுகோல்: ரெசின் பிசினால் துகள்களை ஒட்டிய கல் நல்லதாக இருந்தாலும் கணீரென்று ஒலிக்காது. அதைச் சொல்லாமல் விட்டால் நல்ல கல்லைத் தூக்கி எறிவார்கள்.

சாணைப்பிடி: நான் சொன்னது பீங்கான் பிணைப்புக் கல்லுக்கு, அதாவது பீங்கான் போலச் சுட்டுத் துகள்களைப் பிணைத்த கல்லுக்கு. பெஞ்ச் கிரைண்டரில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

அளவுகோல்: அப்படியென்றால் அதை எழுதியிருக்க வேண்டும். 3.2 மாதிரியே இதையும் விட்டுவிட்டீர்கள்.

இரும்புவாயன்: பேச்சை மாற்றாதீர்கள். 2 மி.மீ. தகடு நுழையுமா, நுழையாதா?

சாணைப்பிடி: மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் படியுங்கள். உங்கள் 10 மி.மீ. சந்தில் தகடு மட்டுமா நுழையும், விரலே நுழையும்.