தலைக்கவசத்துக்குள் பேச்சுக் கருவி: வேகம் கூடினால் பயிற்றுநரின் குரல் கேட்பதில்லை, உதவி தேவை

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிப்பாங் பந்தயத் தடத்தில் நடக்கும் ஓட்டுப் பயிற்சி நாள்களில், சொந்தக் காரில் வரும் மாணவர்களின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கு வேண்டிய கருவிகளைத் தயார்செய்து கொடுப்பது என் பொறுப்பு. பயிற்றுநர்கள் முகம் திறந்த தலைக்கவசம் அணிகிறார்கள். மாணவர்களுக்கு நாங்கள் இரவல் கொடுப்பவை முகம் முழுவதும் மூடிய, எஸ்ஏ 2020 என்ற கார் பந்தயப் பாதுகாப்புத் தரத் தலைக்கவசங்கள். இரண்டிலிருந்தும் வரும் கம்பிகள், இருக்கைகளுக்கு நடுவே வைக்கப்படும் சிறிய பேச்சுப் பெட்டி ஒன்றில் சேர்கின்றன. பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. இருவருடைய மைக்கும் எப்போதும் திறந்தே இருக்கும். மாணவர் தலைக்கவசங்களில் மைக்கையும் ஸ்பீக்கரையும் வெளியில் ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினோம்.

பிட் பகுதியில் (தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) கார் நிற்கும்போது இருவரும் தெளிவாகப் பேசிக்கொள்கிறார்கள். தடத்தில் இறங்கி வேகம் மணிக்கு 120 கி.மீ.யைத் தாண்டியதும் பயிற்றுநரின் குரல் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது. 14-ஆம் வளைவுக்கும் 15-ஆம் வளைவுக்கும் இடைப்பட்ட பின்நேர்ப்பாதையிலும், அதையடுத்து வரும் முதன்மை நேர்ப்பாதையிலும் நிலைமை மிக மோசம். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். ஒலி அளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடுகிறது.

இதைத் தவிர வேறு இரண்டு குறைகளும் உண்டு. எஞ்சின் சுழற்சி ஏற ஏற, மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று இருவர் காதிலும் ஏறுகிறது. ஒரு தலைக்கவசத்தில் மட்டும் இடது காதில்தான் ஒலி வருகிறது. பெட்டியையே மாற்ற வேண்டுமா, அல்லது வேறு எங்கே பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரவாங் ஓட்டுநர் எழுதியது:

கம்பிகளை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் பயன்படுத்தும் புளூடூத் பேச்சுக் கருவியை வாங்கிப் பொருத்துங்கள். நானும் நண்பர்களும் கேமரன் மலைக்குச் செல்லும்போது அதைத்தான் பயன்படுத்துகிறோம், நன்றாகவே கேட்கிறது. ஸ்பீக்கர் காதை அழுத்தினால், உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைக் கத்தியால் கொஞ்சம் குடைந்து இடம் செய்துகொள்ளலாம்.

பூச்சோங் ஒலிப்பணி எழுதியது:

ரவாங் நண்பரின் இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். அந்த வெள்ளை நுரை வெறும் திணிப்புப் பொருள் அன்று. மோதும்போது நசுங்கி அடியின் விசையைத் தானே வாங்கிக்கொள்ளும் போலிஸ்டிரீன் அடுக்கு அது. குடைந்த இடத்தில் அதன் கனம் குறைகிறது, விளிம்பில் விரிசல் தொடங்குகிறது, தரச்சான்றும் பொருளற்றுப் போகிறது. பெயின்ட் கரைப்பான் கலந்த பசையைத் தொட்டுவைத்தால்கூட அந்த நுரை கரைந்துவிடும். 1956-இல் பந்தயத்தில் தலைக்காயம்பட்டு இறந்த வில்லியம் ஸ்னெல் என்பவரின் நினைவாக 1957-இல் நண்பர்கள் தொடங்கிய அறக்கட்டளைதான் எஸ்ஏ தரத்தை வகுக்கிறது. தலைக்கவசம் ஒன்று கைவிட்டதால் போன உயிரிலிருந்து பிறந்த தரம் அது. அதை நாமே கத்தியால் குடைந்து எடுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

புளூடூத் பற்றியும் ஒரு சொல். மலைப்பாதையில் அது போதும். தடத்தில் 180 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. ஒலி கால் நொடி தாமதித்தால் 12 மீட்டருக்கு மேல் கடந்துபோயிருக்கும். அதோடு, குரல் கேட்டால் மட்டும் திறக்கும் அமைப்பாக இருந்தால், காற்றிரைச்சலைக் குரலென்று நம்பிக் கதவைத் திறந்தே வைத்திருக்கும். கற்பிப்பதற்குக் கம்பிதான் சரி.

செந்தூல்வாசிக்கு: உங்கள் பெட்டியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நிற்கும்போது அது ஒழுங்காகத்தானே வேலை செய்கிறது. நான் சந்தேகப்படுவது மாணவரின் மைக்கை. பயிற்றுநரின் குரல் கேட்கவில்லை என்பதால் எல்லாரும் பயிற்றுநரின் மைக்கைத்தான் சோதிப்பார்கள். ஆனால் இரண்டு மைக்குகளும் திறந்தே இருக்கும் அமைப்பில், ஒன்று இரைச்சலை அள்ளிக்கொண்டு வந்தால் அது இருவர் காதிலும் கொட்டி, மற்றவர் பேச்சை மூடிவிடும். அடுத்த முறை நேர்ப்பாதையில் போகும்போது மாணவரின் மைக் இணைப்பை மட்டும் பயிற்றுநர் பிடுங்கிப் பார்க்கட்டும். அந்த நொடியே குரல் தெளிந்துவிட்டால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு கேள்விகள். பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காருக்குள் கேமரா எதையாவது பெட்டியோடு இணைத்திருக்கிறீர்களா?

செந்தூல்வாசி எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி, அண்ணா. பெட்டிக்கு மின்சாரம் காரின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து வருகிறது. ஆம், பதிவுக்காக ஒரு கேமராவும் உண்டு. அதற்கும் அதே துளையிலிருந்துதான் மின்சாரம், பேச்சைப் பதிவுசெய்ய ஒலிக்கம்பி ஒன்றும் பெட்டியிலிருந்து அதற்குப் போகிறது. நீங்கள் சொன்ன சோதனையைப் பயிற்றுநரிடம் சொல்லிச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பூச்சோங் ஒலிப்பணி எழுதியது:

அப்படியானால் ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் அதுவேதான். கேமராவும் பெட்டியும் மின்கம்பியின் வழியாக ஒருமுறையும், ஒலிக்கம்பியின் வழியாக மறுமுறையும் ஒன்றோடொன்று இணைந்து, தரையிணைப்பில் ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. எஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அலை அந்த வளையத்தில் ஏறி ஒலியில் கலப்பதால்தான் சுழற்சிக்கு ஏற்ப ஊளையின் சுருதி ஏறி இறங்குகிறது. முதலில் கேமராவின் ஒலிக்கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால், பெட்டியைத் தனி மின்கலத்தில் ஓட்டுங்கள், அல்லது ஒலிக்கம்பியின் நடுவே தரையிணைப்பைப் பிரிக்கும் சிறு மின்மாற்றி ஒன்றைச் செருகுங்கள். பூடு வட்டாரத்தில் ஜாலான் பாசாரில் உள்ள மின்னணுப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்கும் தலைக்கவசத்தில், 3.5 மி.மீ. ஜாக்கின் முனையை நன்றாகப் பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. ஸ்டீரியோ முனையை மோனோ துளையில் செருகினால் வலது காதுக்குப் போக வேண்டிய இணைப்பு தரையோடு ஒட்டி, அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். இரண்டு காதுகளையும் ஒரே இணைப்பில் சேர்த்துக் கொடுக்கும் மாற்றி ஒன்றைப் போட்டால் போதும்.

செந்தூல்வாசி எழுதியது:

சோதித்துப் பார்த்தோம். மாணவரின் மைக்கைப் பிடுங்கியதும், பின்நேர்ப்பாதையின் முழு வேகத்திலும் பயிற்றுநர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மாணவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. கேமராவின் ஒலிக்கம்பியைக் கழற்றியதும் ஊளையும் நின்றது. ஒரு காது பிரச்சினை நீங்கள் சொன்னபடியே ஜாக் பொருந்தாததால் வந்தது, அதை மாற்றியாயிற்று.

ஆனால் மாணவரின் மைக் இல்லாமல் பயிற்சியை நடத்த முடியாது. பதற்றத்தில் இருப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் பயிற்றுநருக்குத் தெரியும். தாடைப்பகுதியின் உட்புறத் துணியை விலக்கிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுள்ள மைக், இருபக்க ஒட்டு நாடாவால் தாடைச் சட்டத்தின்மேல் முதுகு படும்படி அழுத்தி ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் முதுகுப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருந்தது. நாடாவின் பசை அதை முற்றிலும் அடைத்திருந்தது. இதுதான் காரணமா? புதிதாக ஒட்டுவதானால் எப்படி ஒட்ட வேண்டும்?

பூச்சோங் ஒலிப்பணி எழுதியது:

அதுவேதான். இரைச்சலைக் களையும் மைக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு வாசல்கள் உண்டு. தூரத்திலிருந்து வரும் காற்றிரைச்சலும் எஞ்சின் சத்தமும் இரண்டு வாசல்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டின் இரு பக்கமும் தள்ளி, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உதட்டருகிலிருந்து வரும் பேச்சு முன்வாசலில் மட்டும் ஓங்கி நுழைவதால் அது தப்பிவிடுகிறது. பின்வாசலை அடைத்துவிட்டால் அது சாதாரண மைக்தான்; கேட்பதையெல்லாம் அப்படியே அள்ளி அனுப்பும். கடைக்காரர் உறுதியாக நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படி ஒட்டியிருப்பார், ஆனால் கருவியின் உயிர்நாடி அந்தத் துளை.

பழைய பசையைச் சுரண்டி எடுக்க முயலாதீர்கள், துகள்கள் உள்ளே போய்விடும். புது மைக் வாங்குங்கள். வாங்கும்போது அது எலக்ட்ரெட் வகையா, டைனமிக் வகையா என்று பெட்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலக்ட்ரெட் மைக்குக்குப் பெட்டியிலிருந்து சிறு மின்னழுத்தம் வர வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. மாற்றிப் போட்டால் குரல் வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக வரும்.

ஒட்டும்போது, நுரையால் ஆன சிறு வளையத்தின் நடுவில் மைக்கை நிறுத்தி, அந்த வளையத்தை மட்டும் வெல்க்ரோவால் உட்புறத் துணியில் பிடிக்க வையுங்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று மி.மீ. வெற்றிடமும், அங்கே காற்று வந்துபோகப் பக்கத்தில் ஒரு திறப்பும் இருக்க வேண்டும். குறியிட்ட பக்கம் உதட்டைப் பார்க்கட்டும். உதட்டுக்கும் மைக்குக்கும் 5 மி.மீ.க்குமேல் இடைவெளி வேண்டாம். தள்ளிப்போனால் பேச்சும் தூரத்து இரைச்சலாகக் கணக்காகி அழிந்துவிடும். பயிற்றுநரின் வாய்க்கு முன்னால் தண்டில் நீளும் மைக்குக்கும் இதே விதிதான். அது பேச்சின்போது திரும்பிக்கொள்ளாதபடி இறுக்கி வையுங்கள்.

பட்டர்வொர்த் பயிற்றுநர் எழுதியது:

ஒலிப்பணி நண்பர் சொன்னவை அனைத்தும் சரியானவை. பயிற்றுநர் இருக்கையிலிருந்து பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தம்பி, கம்பி எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார், எனவே மாணவரின் கம்பி தலைக்கவசத்தின் இடப்பக்கமாகவும், பயிற்றுநருடையது வலப்பக்கமாகவும் இறங்கி, இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். மாறி வந்தால் கம்பி கழுத்தைச் சுற்றி வரும். கழுத்துக் காப்புப் பட்டை அணிபவர்களுக்கு அதன் கைகளில் சிக்கும். இணைப்பு, இழுத்தவுடன் தானாகக் கழன்றுவிடுவதாக இருக்கட்டும். தடத்தில் கழன்றுவிடுகிறதே என்று டேப் சுற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரில் தீப்பற்றி, நொடிகளில் வெளியேற வேண்டிய நிலை வந்தால் அந்த டேப் ஒருவரை இருக்கையோடு கட்டிப்போட்டுவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஸ்பீக்கரைக் காதுத்துளைக்கு நேராக வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும், மெய்யெழுத்துகள் மங்கி, "விடு" என்பதும் "இடு" என்பதும் ஒன்றாகக் கேட்கும். தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, பக்கவாட்டில் விரலை விட்டுக் காதுத்துளையைத் தேடி, அந்த இடத்தை உட்துணியில் குறித்துக்கொள்ளுங்கள். காதுக்கென உற்பத்தியாளர் விட்டிருக்கும் பள்ளத்துக்குள் அடங்கும் மெல்லிய ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள். அடங்காவிட்டால் வேறு ஸ்பீக்கர் வாங்க வேண்டுமே தவிர, பள்ளத்தை ஆழப்படுத்தக் கூடாது.

ஒலி அளவையும் கவனியுங்கள். நம் நாட்டுத் தொழிலிடச் சத்த விதிகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. நாள் முழுவதும் காரில் அமர்ந்திருப்பவர் பயிற்றுநர்தான், அதனால் அவர் காதைத்தான் முதலில் காக்க வேண்டும்.

செந்தூல்வாசி எழுதியது:

மிக்க நன்றி, அக்கா. மாணவர் தலைக்கவசங்கள் எல்லாவற்றிலும் பழைய மைக்கை எடுத்துவிட்டு, நுரை வளையத்தோடு புது மைக்கைப் பொருத்திவிட்டேன். முதன்மை நேர்ப்பாதையில் இருவரும் குரலை உயர்த்தாமலே பேச முடிகிறது. கடைசியாக ஒரு சந்தேகம்: நம் ஊர் வெயிலில் உள்ளே வியர்வை சொட்டுகிறது. இரவல் தலைக்கவசம் என்பதால் அடுத்தடுத்து பலர் அணிகிறார்கள். மைக் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பூச்சோங் ஒலிப்பணி எழுதியது:

ஒவ்வொரு மாணவருக்கும் தனித் துணித் தலையுறை கொடுத்துவிடுங்கள். வியர்வையில் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும். மைக்கின் நுரை உறையை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. கிருமிநாசினியை மைக்கின்மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம், துணியில் நனைத்து உறையைச் சுற்றி மட்டும் துடையுங்கள். நாள் முடிந்ததும் தலைக்கவசத்தைக் காரின் பின்பெட்டியில் மூடி வைக்காமல், மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் போடுங்கள். தடத்துக்குப் போகும்போது மாற்று மைக் ஒன்றும் ஜாக் மாற்றி ஒன்றும் பையில் இருக்கட்டும்.