கடைசிச் சொல்லில் வெடிப்பது எழுத்துக்கு ஆகுமா?

மைக்கூடு:
மேடை நகைச்சுவைக்காரர்களிடம் எழுதுகிறவர்கள் படிக்க வேண்டியது இரண்டு: வரியை வெட்டும் வேலை, சிரிப்பை வெடிக்கவைக்கும் சொல்லைக் கடைசியில் வைக்கும் வேலை. பாப் டார்ட் என்ற தின்பண்டத்தைப் பற்றிய ஒரு ஜோக்கை இரண்டு வருடமாகச் செதுக்கிக்கொண்டிருப்பதாக அமெரிக்க நகைச்சுவைக்காரர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் 2012இல் ஒரு பேட்டியில் சொன்னார். வரி கொஞ்சம் நீண்டால் அசையை எண்ணிச் சுரண்டுவாராம். நாம் முதல் வரைவுக்கே பாராட்டு எதிர்பார்க்கிறோம்.

பாதிப்பக்கம்:
அவருக்கு எதிரே கூட்டம் இருக்கிறது. சிரிப்பு வராவிட்டால் அந்த நொடியே தெரிந்துவிடும், மறுநாள் மாற்றிச் சொல்லலாம். எழுதுகிறவருக்கு அந்த வசதி ஏது? நானும் பத்திக்கு ஒரு வெடி வைத்து ஒரு கதை எழுதிப் பார்த்தேன். படித்த நண்பர், "நல்லாத்தான் இருக்கு, யாருக்கு என்ன ஆச்சுன்னுதான் ஞாபகம் இல்ல" என்றார்.

மைக்கூடு:
வெடியை எண்ணிக்கையாகப் பார்த்ததன் கோளாறு அது. நான் சொல்வது இடத்தைப் பற்றி. தமிழில் வினைச்சொல் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; வியப்பு நடுவிலேயே கசிந்துவிடும். "தீயணைப்பு நிலையம்தான் ஊரிலேயே முதலில் எரிந்தது." முதல் சொல்லிலேயே விஷயம் போய்விட்டது. "ஊரிலேயே முதலில் எரிந்தது தீயணைப்பு நிலையம்." அதே சொற்கள்தான், ஒரு 'தான்' மட்டும் போயிற்று. துக்கச் செய்தி சொல்லும் வரிக்கும் இது பொருந்தும்.

நள்ளிரவு வாசகி:
மேடைக்காரர்களிடம் இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் போகிறபோக்கில் சொன்னதை, நாம் மறந்த பிறகு கடைசியில் திரும்ப இழுத்து வருவார்கள். அரங்கம் அதிர்வது பெரும்பாலும் அங்கேதான். கதையில் முதல் பக்கத்துக் குடை கடைசிப் பக்கத்தில் திரும்பி வருவதும் இதே வேலைதான். யார் யாரிடம் கற்றது என்று எனக்குச் சந்தேகம்.

பாதிப்பக்கம்:
சொல் வரிசை பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் ஜோக் இரண்டாம் முறை கேட்டால் செத்துவிடும். நல்ல கதை இரண்டாம் வாசிப்பில்தான் திறக்கும். ஒரு முறைக்கென்று செய்த கருவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மைக்கூடு:
செத்துவிடுமா? வசனம் மனப்பாடமான பிறகும் அதே நகைச்சுவைக் காட்சியை இருபதாவது முறை பார்த்துச் சிரிக்கிறோமே! அடுத்து என்ன என்று தெரியும். அந்த ஆள் அதை எப்படிச் சொல்லப் போகிறார் என்றுதான் காத்திருக்கிறோம்.

பாதிப்பக்கம்:
ஆக, சிரிக்க வைப்பது பாத்திரம், கடைசிச் சொல் இல்லை. அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்?

நள்ளிரவு வாசகி:
முதலில் கூட்டம் என்றீர்கள். பாத்திரம் இப்போதுதான் மேடை ஏறுகிறது.