பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் கிரப் ரெஸ்க்யூ வருகிறது: எச்டி0 எது, எஸ்டிஏ எது?

கேள்வி:
டெபியன் 12, பழைய பயாஸ் (கணினி போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) முறையில் பூட் ஆகும் கணினி. சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. முன்பு உபுண்டு இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன்களை அழித்து, ஒரே பார்ட்டிஷனாக்கி, டேட்டாவுக்காக மாட்டினேன். உடனே "நோ சச் பார்ட்டிஷன்" என்று கிரப் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் பூட் லோடர்) தன் அவசர நிலையான ரெஸ்க்யூவில் நிற்கிறது. கழற்றினால் சரியாகிவிடுகிறது. லினக்ஸில் எஸ்டிஏவாக இருக்கும் எஸ்எஸ்டி, இங்கே டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் கொடுத்தால் எச்டி1 என்று வருகிறது. எந்த எண்ணை நம்புவது?

மறுமொழி 1:
இரண்டையும் நம்ப வேண்டாம். எச்டி எண்ணைக் கொடுப்பது பயாஸ். எந்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்கிறதோ அதற்குப் பொதுவாக 0எக்ஸ்80 என்ற எண் கிடைக்கும். கிரப் அதைத்தான் எச்டி0 என்கிறது. யுஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் யுஎஸ்பிதான் எச்டி0. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க்குகளைக் கண்டுபிடித்த வரிசை, அதுவும் மாறக்கூடியது.

உங்கள் எஸ்எஸ்டி எச்டி1 ஆனதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: பயாஸ் பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்கிறது. பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தாலும் முதல் செக்டாரில் உள்ள பூட் கோடு அழியாது. அந்தப் பழைய கிரப் இப்போது இல்லாத பார்ட்டிஷனைத் தேடுகிறது.

பயாஸில் பூட் வரிசையோடு, ஹார்ட் டிஸ்க் முன்னுரிமை என்று தனிப் பட்டியலும் பல போர்டுகளில் உண்டு. அங்கே எஸ்எஸ்டியை மேலே ஏற்றுங்கள். ரெஸ்க்யூவிலேயே ப்ரீஃபிக்ஸை (கிரப் தன் ஃபைல்களைத் தேடும் இடம்) எச்டி1க்கு மாற்றி 'நார்மல்' மாட்யூலை ஏற்றப் பார்க்காதீர்கள்; பழைய கிரப் புதிய பதிப்பின் மாட்யூலை ஏற்றும்போது "சிம்பல் நாட் ஃபவுண்ட்" என்று நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

மறுமொழி 2:
பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் அந்த வரிசை மறுபடி குலையும். அதனால் டெபியனுக்குள் போய் கிரப்-பிசி பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்து, இரண்டு டிஸ்க்குகளையும் தேர்ந்தெடுங்கள். பிறகு எதிலிருந்து பூட் ஆனாலும் எஸ்எஸ்டியை அதன் யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) வைத்துத் தேடிக்கொள்ளும். முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டாரில் தொடங்கினால் அதற்கு முன்னால் கிரப்புக்கு இடம் போதும். பழைய வழக்கப்படி 63இல் தொடங்கினால் நெருக்கடிதான். ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் டேபிள்) டிஸ்க் என்றால் 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும்.

பூட் கோடை டிடி (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் கமாண்ட்) கொண்டு அழிப்பதாக இருந்தால் முதல் 440 பைட்டுகளோடு நிறுத்துங்கள். 512 கொடுத்தால் பார்ட்டிஷன் டேபிளும் போய்விடும். டிஸ்க்கை எஸ்டிபி என்று குறிப்பிடாமல், பை-ஐடி டைரக்டரியில் சீரியல் எண்ணோடு உள்ள பெயரால் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 3:
பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எண் அடிப்பவர்களுக்கு: கிரப் 0.97இல் டிஸ்க், பார்ட்டிஷன் இரண்டுமே 0இல் தொடங்கும். கிரப் 2இல் டிஸ்க் 0இல், பார்ட்டிஷன் 1இல். அன்றைய (எச்டி0,0) இன்று (எச்டி0,1).

யுயுஐடியும் ஓரிடத்தில் கைவிடும். டிஸ்க்கை டிடியால் குளோன் செய்து இரண்டையும் மாட்டி வைத்தால் இரண்டுக்கும் ஒரே யுயுஐடி. கிரப் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும். குளோனில் உள்ள இஎக்ஸ்டி4ஐ அன்மவுண்ட் செய்து, டியூன்2எஃப்எஸ் கமாண்டின் பெரிய யு ஆப்ஷனுக்கு 'ரேண்டம்' என்று கொடுத்துப் புதிய யுயுஐடி போடுங்கள். அந்தக் குளோனிலிருந்தும் பூட் செய்ய வேண்டுமானால் அதிலுள்ள எஃப்எஸ்டேப் (எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்), கிரப் கான்ஃபிக் இரண்டையும் புதுப்பித்தாக வேண்டும்.