ஹெட்போன் வாங்கினால் ஓப்பன் பேக்கா, குளோஸ்ட் பேக்கா? நம்ம வீட்டுச் சத்தத்துக்குள் எது சரிவரும்?

கல்லடி உறுப்பினர்:

ஓப்பன் பேக் என்றால் பின்பக்கம் திறந்த ஹெட்போன், குளோஸ்ட் பேக் என்றால் மூடியது. என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. பிலிப்ஸ் எஸ்எச்பி9500 ஓப்பன் பேக், ஓடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் குளோஸ்ட் பேக். எது நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் அறையில் ஃபேன் எந்த வேகத்தில் ஓடுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கேமில் வித்தியாசம் உடனே தெரியும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடும்போது 9500 போட்டிருந்தால், எதிரி எந்தப் பக்கம், கிட்டவா தூரமா என்று யோசிக்காமலே கை திரும்பிவிடுகிறது. ஒலியை எழுப்புகிற ட்ரைவருக்குப் பின்னால் வெறும் வலைதான் இருக்கிறது. பின்பக்க ஒலி அதன் வழியே வெளியேறிவிடும். காதை மூடும் கோப்பைக்குள் முட்டித் திரும்பிக் குழப்பாது. எம்50எக்ஸில் அதே காலடிச் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். திசை பிடிபடும், தூரம்தான் தடுமாறும். பக்கத்தில் குண்டு வெடித்தால் அதன் பேஸ் (தாழ்ந்த ஒலி) மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

இன்னொன்று, ஹெட்போன் பெட்டியில் 7.1 (பல ஸ்பீக்கர் சுற்றொலி) என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ட்ரைவர்தான் இருக்கும். மிச்சம் மென்பொருள் செய்யும் வேலை. கேமே எச்ஆர்டிஎஃப் என்ற முறையில் திசையைக் கணக்கிட்டுத் தருகிறது. அதற்கு மேல் இந்த 7.1ஐயும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். சாதாரண ஸ்டீரியோவே போதும்.

ஆனால் இதெல்லாம் வீடு அமைதியாக இருக்கும் நேரத்துக் கதை. ஆடி வெயிலில் ஃபேனை ஐந்தில் போடாமல் இருக்க முடியுமா? ஓப்பன் பேக்கில் அந்த இரைச்சல் அப்படியே உள்ளே வரும். பின்னேரம் பாண் ஆட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் கேமின் பின்னணி இசைதான். எதிரி வருகிறான் என்று திரும்பினால் கேற்றடியில் மாலுபாண்! கார்த்திகை, மார்கழி மழை தகரக் கூரையில் விழும்போது 9500ஐ மேசையிலேயே வைத்துவிடுகிறேன். அந்த மாதங்களுக்கு எம்50எக்ஸ் மட்டுந்தான்.

வெயில் காலத்தில் நிலைமை தலைகீழ். எம்50எக்ஸின் செயற்கைத் தோல் பேட் காதைப் பொத்தி வேர்க்க வைக்கும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அந்தத் தோல் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. உரிந்து, கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். 9500இன் துணி பேட்டில் இந்தக் கரைச்சல் இல்லை.

அக்கரைப்பற்று உறுப்பினர்:

அண்ணா ஃபேனைச் சொன்னார். எங்கள் வீட்டில் பிரச்சினை மறுபக்கம்: உள்ளே வருகிற சத்தம் பரவாயில்லை, வெளியே போகிறதுதான் வம்பு.

எங்கள் காக்கா (மூத்த சகோதரர்) கத்தாரிலிருந்து பேயர்டைனமிக் டிடி 990 புரோ என்ற ஓப்பன் பேக் கொண்டு வந்து தந்தார். மின்தடை 250 ஓம்ஸ். போனில் மாட்டினால் ஒலியை முழுதாகக் கூட்டினாலும் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரிதான் இருந்தது. ஒலியைப் பெருக்கித் தருகிற தனி ஆம்ப் ஒன்று வைத்த பிறகுதான் உயிர் வந்தது. வாங்கப் போகிறவர்கள் ஆம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். போனிலும் லெப்டொப்பிலும் நேரடியாக மாட்டுவதானால் அண்ணாவின் 9500 மாதிரி 32 ஓம்ஸ் வகைதான் சுகம்.

ஒலி அருமை, அதில் பேச்சே இல்லை. மேல் சுருதி மட்டும் கொஞ்சம் கூர்மை. கண்ணாடி உடைகிற சத்தம் காதைக் குத்தும். ஈக்வலைசரில் 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் சற்று இறக்கி வைத்திருக்கிறேன். ஓப்பன் பேக்கில் பேஸ் இருக்காது என்பார்கள். ஆழமான பேஸ் பொதுவாகக் குறைவது உண்மைதான், ஆனால் இதில் எனக்குப் போதுமான அளவு இருக்கிறது.

இனி வம்புக்கு வருவோம். தங்கச்சி ஏ.எல். படிக்கிறா, இரண்டு பேருக்கும் ஒரே அறை. நான் சுடுகிற ஒவ்வொரு குண்டும் அவவுக்கும் கேட்கும். நோன்பு காலத்தில் சஹர் வரை கூட்டாளிமாரோடு விளையாடும்போது மைக்கில் அவர்களுடைய குரலே அவர்களுக்குத் திரும்பிப் போகிறது. "டேய், என்ட சத்தம் எனக்கே வருதுடா" என்று ஒரே ஏச்சு. பேசுகிற வேளையில் மட்டும் மைக்கைத் திறக்கிற பொத்தான் ஒன்றை வைத்துச் சமாளிக்கிறேன். தங்கச்சிக்கு அந்த மாதிரிப் பொத்தான் இல்லை. சோதனை முடியும் வரைக்கும் பழைய குளோஸ்ட் பேக்தான்.

களுவாஞ்சிக்குடி உறுப்பினர்:

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு விசயம். குளோஸ்ட் பேக்கின் பேஸ் முழுக்க அந்த பேட் காதைச் சுற்றி இறுக்கமாக மூடுவதில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கால் நுழைகிற இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தாலே கீழ்ச் சுருதி கசிந்துவிடும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்காதீர்கள். மெல்லிய கால் உள்ள ஃபிரேம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஓப்பன் பேக் ஏதோ இப்போது வந்த புதுசு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 1968இலேயே ஜேர்மனியின் சென்ஹைசர், எச்டி 414 என்று மஞ்சள் பஞ்சு வைத்து ஒன்றை விட்டது. அதே கம்பனியின் எச்டி 600 வந்தது 1997இல். அதை இன்றைக்கும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். அது 300 ஓம்ஸ், தம்பியின் 250ஐ விடவும் கூட. ஆம்ப் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.