1939 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு: காந்தம் ஒட்டினால் போதுமா?

குமரன்:
ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு 1939 இரும்புச் சிலுவை (இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கொடுத்த ராணுவப் பதக்கம், இரண்டாம் வகுப்பு) பற்றிக் கருத்து வேண்டும். விற்பவர் சொல்வது இது: காந்தம் ஒட்டுகிறது, விளிம்பில் பற்றவைத்த கோடு தெரிகிறது, வளையத்தில் 65 என்று குத்தியிருக்கிறது, ரிப்பனும் பழசுதான். அகலம் 44 மி.மீ. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டே படம் போட்டிருக்கிறார். வாங்கலாமா?

நாணயப்பெட்டி:
தாராளமாக வாங்கலாம் குமரன். இந்தச் சிலுவை மூன்று பாகம். நடுவில் கறுப்படித்த இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். சட்டங்கள் இரண்டையும் விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். மலிவுப் போலிகள் ஒரே வார்ப்பில் வருபவை. விளிம்பில் கோடு இருக்காது, பெரும்பாலும் காந்தமும் பிடிக்காது. இதில் இரண்டும் சரியாக இருக்கிறது. 65 என்பது ஈடார்-ஓபர்ஸ்டைனில் இருந்த க்ளைன் உன்ட் க்வென்ட்ஸர் கம்பெனிக்குக் கொடுத்த எண். இரண்டாம் வகுப்பு அந்தப் போரில் இருபது லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் பொருளுக்கு மூன்று பாகமாகப் போலி செய்ய யார் மெனக்கெடுவார்கள்?

உருப்பெருக்கி:
மெனக்கெடுகிறார்கள் சார். விலை குறைவு என்பதால் வாங்குபவர் லூப்பையே (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுப்பதில்லை, போலிக்காரருக்கு அதுதான் வசதி. மூன்று பாகப் போலிகள் சந்தைக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நடுவில் இரும்பு வைத்தால் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

ஒட்டாவிட்டால் போலி என்று முடிவு கட்டுவதும் தப்பு. 1939 சிலுவை அறிவிக்கப்பட்ட புதிதில் சில கம்பெனிகள் முதல் உலகப் போர்க்கால 1914 சிலுவையின் சட்ட அச்சையே வைத்துச் சற்றுச் சிறிதாக அடித்தன. சேகரிப்பாளர்கள் அதை ஷிங்கெல் வடிவம் என்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு நடுத்தகடு பித்தளை. காந்தத்தை மட்டும் நம்புகிறவர் அசலைத் தூக்கிப் போட்டுவிடுவார், அதுவும் சாதாரண சிலுவையைவிட விலை கூடின அசலை.

65-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் இருப்பது வளையத்தில். சிலுவை மேல் இல்லை. இரண்டு குறடு இருந்தால் வளையத்தை மாற்றிவிடலாம். எண்ணே இல்லாத அசல் சிலுவைகள் ஏராளம். எண் போட்ட வளையம் ஏறினால் விலையும் ஏறும். ஆகவே 65 என்றால் அந்தக் கம்பெனியின் சட்டமும் நடுத்தகடும் அதே சிலுவையில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

நாணயப்பெட்டி:
வளையம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். சரி, ஒப்பிட்டே பார்ப்போம். சட்டத்தின் உட்புற வரிகள், மூலைகள், பின்பக்கத்தில் உள்ள 1813 என்ற ஆண்டின் எண் வடிவம் எல்லாம் அசலோடு பொருந்திவிட்டால் அதற்கு மேல் என்ன பேச்சு? அசல் அச்சில் அடித்தது அசல்தான்.

உருப்பெருக்கி:
இங்கேதான் நான் முழுக்க மாறுபடுகிறேன். அசல் அச்சில் 1957-க்குப் பிறகும் அடித்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜூலை 26-இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. முன்னாள் வீரர்கள் போர்க்காலப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்றது. 1957 வடிவத்தில் முன்பக்க நடுவில் ஓக் இலை, கீழே 1939, பின்பக்கத்தில் அதே 1813. போர்க்காலத்தில் 4 என்ற எண்ணில் சிலுவை செய்த லூடன்ஷைட் ஊர் ஸ்டைன்ஹவர் உன்ட் லூக் போன்ற கம்பெனிகளே இதையும் செய்தன. சிலுவையின் வெள்ளிச் சட்டத்தில் எந்தச் சின்னமும் கிடையாது. பழைய அச்சை அப்படியே ஓட்டலாம். இப்போது 1957 சிலுவையின் வெள்ளிச் சட்டத்தைப் பிரித்து, ஸ்வஸ்திகா போட்ட புது நடுத்தகட்டை உள்ளே வைத்து மறுபடி பற்றவைத்தால் நீங்கள் சொல்லும் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும்.

இதைப் பிடிக்க அச்சின் காயங்களைப் படிக்க வேண்டும். அடிக்க அடிக்க அச்சு எஃகில் கீறல் விழும். அடிபடும் உலோகம் அந்தக் கீறலுக்குள் ஏறுவதால், பதக்கத்தில் அது மேடான மெல்லிய கோடாகத் தெரியும். பள்ளமான கோடு என்றால் அது பின்னால் விழுந்த கீறல். இந்த மேட்டுக்கோடு நாளாக ஆக நீளும், கிளை விடும், ஒருபோதும் சுருங்காது. உட்புற வரிகள் கூடும் மூலைகளில் 10 மடங்கு லூப்பை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். கையிலுள்ள சிலுவையில் கோடு 1957 சிலுவைகளில் உள்ளதைவிட வளர்ந்திருந்தால், அது போருக்குப் பின் அடித்த சட்டம். கதை முடிந்தது.

நாணயப்பெட்டி:
எந்தச் சிலுவையில் கோடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படங்களை அடுக்கிய வரிசையை யார் தயாரித்தது? சேகரிப்பாளர்கள் கையிலிருந்த சிலுவைகளை வைத்துத்தானே. அவற்றில் நான்கைந்து போலியாக இருந்தால் வரிசையே தப்பு. போதாக்குறைக்கு, எல்லாக் கம்பெனிக்கும் இப்படிப் படங்கள் சேர்ந்திருப்பதில்லை. புதிதாக வருபவருக்குக் கையில் செய்து பார்க்கும் சோதனைதான் உதவும். காலிப்பரை (மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி) எடுங்கள். அசலிலிருந்து அச்சுப் பிடித்து வார்த்தது ஆறும்போது ஒரு சதவீத அளவில் சுருங்கும், 44 மி.மீ.யில் கிட்டத்தட்ட அரை மி.மீ. குறையும். சட்டத்தின் உட்புற வரிகள் அசலில் பனி படிந்தாற்போல் மங்கலான வெள்ளையாகவும், வெளி ஓரம் மட்டும் மெருகேறிப் பளபளப்பாகவும் இருக்கும். தேய்ந்த சிலுவையிலும் வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அந்த வெள்ளை மிச்சமிருக்கும். இதற்கு எந்தப் படத்தொகுப்பும் தேவையில்லை.

உருப்பெருக்கி:
வரிசைக்கு ஒரு முனை உறுதியானது சார். ஓக் இலை போட்ட சிலுவை 1957-க்கு முன்னால் இருக்கவே முடியாது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மறுமுனையில்தான் நீங்கள் சொல்லும் பலவீனம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. படங்கள் சேராத கம்பெனி என்றால் முடிவைத் தள்ளிவைப்பதே நேர்மை. காலிப்பர் சோதனை வார்ப்பைப் பிடிக்கும். அச்சில் அடித்ததைப் பிடிக்காது. வெள்ளைப் பூச்சு நல்ல அடையாளம்தான், ஆனால் அதுவும் 1957 சிலுவையின் சட்டத்தில் இருக்கலாம்.

பழைய தாள்:
இரண்டு பேரும் உலோகத்தோடு நின்றுவிட்டீர்கள். வழங்கல் சான்றிதழ், வீரரின் சம்பளப் புத்தகப் பதிவு சேர்ந்து வந்தால் என்ன செய்வது? ஜெர்மன் ராணுவத்தின் தனிநபர் பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் விசாரிக்கலாம். 1914 சிலுவையாக இருந்தால் நிலைமை வேறு. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துபோயின. பவேரிய வீரர் என்றால் மியூனிக்கில் படைப் பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன.

உருப்பெருக்கி:
தாள் வீரரை நிரூபிக்கும். அந்தச் சிலுவைதான் அவருடையது என்று நிரூபிக்காது. சிலுவையில் வரிசை எண் கிடையாதே. அசல் சான்றிதழோடு போலிச் சிலுவையைக் கட்டி விற்பது பழைய தந்திரம்.

பழைய தாள்:
அதனால்தான் தாளையும் சிலுவையையும் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். 1940 பிரான்ஸ் போரில் கையில் கொடுத்த சிலுவை என்று எழுதியிருக்கிறார்கள், வளையத்தில் எல்/11 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல் எண்கள் கடையில் விற்பதற்கானவை, அவை 1941-இல்தான் வந்தன. வீரர் பிற்பாடு கடையில் வாங்கிய மாற்றுச் சிலுவையாக அது இருக்கலாம். 1940-இல் கொடுத்த சிலுவையாக இருக்க முடியாது.

குமரன்:
ரிப்பனை நீல ஒளியில் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

நாணயப்பெட்டி:
புற ஊதா விளக்கில் வெள்ளைக் கோடுகள் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் அதில் வெளுப்பேற்றும் ரசாயனம் இருக்கிறது. போருக்குப் பிறகுதான் அது பரவலானது. சோப்புத்தூளில் துவைத்த பழைய ரிப்பனும் மின்னும், அதையும் கணக்கில் வையுங்கள். மின்னாவிட்டால் ரிப்பன் பழசாக இருக்கலாம், அவ்வளவுதான். பழைய ரிப்பன் தனியாகவே விற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் உருப்பெருக்கி சாரும் நானும் ஒரே பக்கம் என்று நினைக்கிறேன்.

உருப்பெருக்கி:
ஆமாம். இன்னொன்றிலும் ஒரே பக்கம் நிற்போம்: வாங்கினாலும் பிராஸோ போன்ற உலோக மெருகு, வெள்ளி கழுவும் திரவம் எதுவும் வேண்டாம் குமரன். ஒரே துடைப்பில் அந்த வெள்ளைப் பூச்சு போய்விடும், திரும்ப வராது. நடுத்தகட்டில் துரு தள்ளிப் பெயின்ட் கொப்பளித்திருந்தாலும் நோண்டாதீர்கள். அசல் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு மெல்ல எழும்பியிருப்பதும் ஒரு சாட்சி.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: நான்கு கைகளின் விளிம்பும் பக்கவாட்டில் ஒவ்வொரு படம், பற்றவைப்பு தெளிவாகத் தெரியும்படி. ஓரிடத்தில் ஈயம் உருண்டு நின்றாலோ, சட்டத்தை ஒட்டிய பெயின்ட் கருகியிருந்தாலோ யாரோ பிரித்து மூடியிருக்கிறார்கள். உள்மூலைகள் முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு, சாய்ந்த வெளிச்சத்தில். வளையமும் அது நுழையும் காதும் ஒரு படம், குறடு கடித்த தடம் தெரிகிறதா என்று பார்க்க. ஜெர்மனியிலிருந்து விற்பவர் என்றால் நாஜிச் சின்னங்களைக் காட்டுவதைத் தடுக்கும் தண்டனைச் சட்டம் 86அ பிரிவு காரணமாகப் படத்தில் ஸ்வஸ்திகாவை மறைத்திருப்பார். மறைக்காத படத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். ஸ்வஸ்திகாவின் மேல்முகட்டில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்பது முக்கியம். எடை 0.1 கிராம் வரை.

நாணயப்பெட்டி:
படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள், இது அரிய பொருள் இல்லை. தந்தால் இங்கேயே போடுங்கள். 65 எண் கம்பெனியின் வெள்ளிச் சட்டப் படங்கள் என்னிடம் சில இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூலைகள் பொருந்தி, பற்றவைப்பும் சுத்தமாக இருந்தால் நான் வாங்கத்தான் சொல்வேன்.