விரல் வைத்துக் கற்ற முன்னிடைச்சொல்

தரம் 9 இல் படித்த காலத்தில் இன் (in), ஒன் (on), பை (by), பாஸ்ட் (past) என்று ஆங்கில முன்னிடைச்சொற்களின் (prepositions) நீண்ட பட்டியலொன்றைப் பாடமாக்கி, அவற்றில் எது கண்ணிற் பட்டாலும் உடனே கீழ்க்கோடு இட்டுவிடுவேன். தவணைப் பரீட்சையில் 'த பஸ் வென்ட் பாஸ்ட்' என்ற வாக்கியத்திலும் அப்படியே பாஸ்டுக்குக் கோடிட்டேன். பிழை என்று சிவப்பு மையால் வெட்டியிருந்தார்கள். காரணத்தை எவரும் சொல்லவில்லை.

சுன்னாகத்தில் எங்கள் அயலில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான், தம் வீட்டு விறாந்தையில் அந்த வினாத்தாளை விரித்து, பாஸ்டுக்குப் பின்னால் விரலை வைத்து, "இதற்குப் பிறகு பெயர்ச்சொல் ஏதும் இருக்கிறதோ, பாரும் பிள்ளை" என்றார். ஒன்றும் இல்லை. 'மேசைக்கு மேல்' என்னும்போது மேல் மேசையைப் பற்றிக்கொள்கிறது. 'மேலே பார்' என்னும்போது வினையையே தழுவுகிறது என்று அவர் தமிழிலிருந்தே காட்டினார். ஆகவே 'பாஸ்ட் த லைப்ரரி' என்று நூலகத்தைக் கடந்துபோனால் அது முன்னிடைச்சொல். பஸ் வெறுமனே கடந்துபோனால் வினையடை. 'த பாஸ்ட் வீக்' என்பதில் பெயரடை. 'இன் த பாஸ்ட்' என்பதில் பெயர். ஒரே சொல் நான்கு வகையாக நிற்பதை அன்றுதான் கண்டேன். பட்டியலை அதன்பின் நான் தொடவில்லை.

சென்ற மாதம் என் பெறாமகளுக்கு இதே முறையைச் சொல்லிக்கொடுத்தபோது, அவள் 'ஸ்விச் ஒன் த லைட்' என்று எழுதி, "சின்னம்மா, ஒன்னுக்குப் பின்னால் பெயர் இருக்குதுதானே, அப்ப இதுவும் முன்னிடைச்சொல்லோ?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. விரல் வைக்கும் முறை மட்டும் இங்கே போதாது. பெயருக்குப் பதிலாக இட் என்ற சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கதிரையில் இருப்பதைச் சொல்லும் 'சிட் ஒன் த செயார்', 'சிட் ஒன் இட்' என்று மாறும். ஆனால் விளக்கைப் பொறுத்தவரை 'ஸ்விச் இட் ஒன்' என்றே வரும், 'ஸ்விச் ஒன் இட்' என்று ஒருபோதும் வராது. அந்த ஒன் விளக்கோடு சேர்ந்ததன்று, ஸ்விச் என்ற வினையின் ஒரு பகுதி.

அவள் சற்று யோசித்து, 'புட் ஒன் யுவர் ஷூஸ்' என்று தானே ஒரு வாக்கியம் எழுதி, ஷூஸ் என்பதை வெட்டி, 'புட் தெம் ஒன்' என்று மாற்றிக் காட்டினாள்.