வாடகைக்கு விட பழைய ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: குரோம்பேட்டையில் 18 வருஷ ஃபிளாட், 2 பெட்ரூம், மேல்மாடி. விலை 55 லட்சம், வாடகை 16,000. மெயின்டனன்ஸ் 2,500 ஓனர்தான் கட்டணும். கட்டுப்படியாகுமா?

பதில் 1: முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம் சேர்த்தா அடக்கம் 60 லட்சம். வருஷ வாடகை 1,92,000. ஒரு மாசம் காலி, மெயின்டனன்ஸ், சொத்து வரி 6,000 போக நிக்கிறது 1,40,000. அதாவது 2.3 சதவீதம். பேங்க் எஃப்டியே தேவலை! நிலம் ஏறும்னு வாங்கறதா இருந்தா, யூடிஎஸ் (மொத்த நிலத்துல உங்க ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு) எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல பாருங்க.

பதில் 2: அட்வான்ஸுக்கு முன்னாடி கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கைப் பாருங்க சார். உப்பு பூத்திருந்தா மேலே நீங்க வாங்கற வீட்டு பாத்ரூம் ஒழுகுதுன்னு அர்த்தம். டைல்ஸைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும். மொட்டைமாடித் தளஓட்டு விரிசலும் முக்கியம்.

பதில் 3: 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. ஒரிஜினல் பத்திரம் காட்டாம ஜெராக்ஸே நீட்டினா, அடமானத்துல இருக்கலாம்.